படுத்த பெட்டியில் சிவப்பு எந்தப் பக்கம்?

மாமா,

உன் பையைத் திறந்ததும் டீசலும் காய்ந்த இறாலும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. நான்கு வருஷமாக அம்மாவின் இரும்புப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் கிடந்த பை. போலீஸ் ஸ்டேஷனில் இருந்து வாங்கி வந்த அன்றைக்கு உள்ளே வைத்து மூடியதுதான், அதற்குப் பிறகு அம்மா அதைத் தொடவே இல்லை. இன்றைக்குத்தான் வெளியே எடுத்தாள். "தாய்மாமன் பை. மொத தபா வண்டி எடுக்கும்போது கூடவே இருக்கட்டும்" என்று மஞ்சள் தடவி அண்ணனிடம் கொடுத்தாள். அவன் அதை என் மடியில் போட்டு, "தொடச்சி வைடி, காலைல எட்த்துனு போணும்" என்றான். துடைக்கும்போது பக்கத்து ஜிப்புக்குள் ஒரு சின்ன நோட்டு தட்டுப்பட்டது.

அதை இதற்குள் நாலு தடவை படித்துவிட்டேன்.

இப்போது மணி பன்னிரண்டரை. நைனா கடலுக்குப் போயிருக்கிறார். அம்மா என் பக்கத்தில் தூங்குகிறாள். அண்ணன் முன் அறையில் நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறான். நான் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில், பயாலஜி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் வெளிச்சத்தை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

நாலு மணிக்கு அண்ணன் முதல் தடவையாக நண்டு வண்டியை ஓட்டிக்கொண்டு ஆந்திராவுக்குப் போகிறான். நீ கடைசியாகப் போன அதே ஊருக்கு. அவன் போகக் கூடாது, மாமா. ஏன் போகக் கூடாது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் அம்மாவின் தலையில் என்ன வந்து விழும் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். இதை யாரிடம் போய்க் கேட்பேன்? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

சாயங்காலம் இப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணனுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் அம்மா நண்டு வேகவைத்தாள். ஏரி நண்டு, உனக்குப் பிடித்த பெரிய கால் நண்டு. அவள் பின்பக்கம் மசாலா அரைத்துக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"டேய், மூடியத் தொறந்து பாரு. செவந்துச்சா?"

அண்ணன் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். "நல்லா செவந்துடுச்சும்மா" என்று சட்டியை இறக்கி, ஒரு நண்டை எடுத்துத் தட்டில் வைத்து உடைக்கவும் போனான். தட்டில் இருந்த நண்டு பச்சையாக இருந்தது. ஏரியில் இருந்து தூக்கும்போது இருக்குமே, பாசி பிடித்த கல்லின் நிறத்தில், அப்படியே இருந்தது.

அம்மா வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாடா, கண்ணு பொடனிலயா கீது? இதப் போய் செவப்புன்ற!" என்று அவன் தலையில் தட்டினாள். "அப்டியே தாய்மாமன உரிச்சி வெச்சினு பொறந்துக்கிறான். அவனும் இப்டித்தான், பச்ச நண்ட எறக்கி வெச்சிட்டு துன்ன வாங்கன்னு கூப்புடுவான்."

அண்ணனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாசம்தான் எங்கள் பயாலஜி மிஸ் கரும்பலகையில் ஒரு படம் போட்டார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத குறை. ஒரு ஆணுக்கு அது இருந்தால் அவன் அக்காவோ தங்கையோ தன் உடம்பில் அதை வைத்திருக்கக்கூடும்; அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் மகனுக்கு வந்துவிடலாம். மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில் கோடு ஒரு பெண் வழியாகப் போகும். நான் அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டு, பரீட்சையில் ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். அந்தக் கோடு எங்கள் வீட்டு அடுப்படி வழியாகப் போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நைனாவின் வலை கட்டுகிற கூடையில் இருந்து இரண்டு நூல் கண்டுகளை எடுத்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டையும் அண்ணன் முன்னால் நீட்டினேன்.

"இதுல செவப்பு எதுண்ணா?"

"இன்னாடி டெஸ்டு வெக்கிற? ரெண்டும் ஒண்ணுதான். இது கொஞ்சம் அழுக்கா கீது."

"லைசன்ஸுக்கு கண்ணு பாத்தாங்களே, அப்போ?"

"ஏதோ புள்ளி புள்ளியா ஒரு படம் காட்டுனாங்க. அதுல நம்பர் கீதாம். எனக்கு ஒண்ணும் தெர்ல. முன்னாடி நின்னவன் எழுபத்தி நாலுன்னான், நானும் எழுபத்தி நாலுன்னேன். பாஸு!" என்று கண்ணைச் சிமிட்டினான். "அம்மாகிட்ட சொல்லிடாத."

அவனுக்கே தெரியவில்லை, மாமா. இருபத்தொரு வருஷமாக அவன் பார்க்கிற உலகம்தான் எல்லோரும் பார்க்கிற உலகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நம் குப்பத்தில் சிக்னலா இருக்கிறது, தெரிய? இங்கே பைக்கை எடுத்தால் ஆடும் கருவாட்டுப் பாயும்தான் குறுக்கே வரும்.

ஆனால் உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தே இருந்தது.

நான் ஐந்தாவது படிக்கும்போது இருந்து லீவு விட்டால் உன் வண்டியில்தான் இருப்பேன். உனக்கும் இஞ்சின் சூட்டுக்கும் நடுவில் மடித்துப் போட்ட கோணிதான் என் சீட்டு. பின்னால் ஈரச் சாக்குக்கு அடியில் நண்டுகள் சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டே வரும். சென்னைக்குள் நுழைந்ததும் நீ, "ஆட்டம் ஆரம்பம், மருமவளே" என்பாய். சிக்னல் கண்ணில் பட்டதும் யார் முதலில் நிறத்தைச் சொல்கிறார்களோ அவர்களுக்குத் தேன்மிட்டாய். "செவப்பு மாமா!" என்று நான் கத்துவேன். நீ பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே, "அடச்சே, இந்த தபாவும் நீதானா" என்று நெற்றியில் அடித்துக்கொள்வாய். ஒரு நாள்கூட நீ ஜெயித்ததில்லை. குழந்தை சந்தோஷப்படட்டும் என்று நீ விட்டுக்கொடுத்துத் தோற்கிறாய் என்றுதான் இன்று சாயங்காலம் வரை நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் 'எனக்குப் பிடித்தவர்' கட்டுரையில்கூட அப்படித்தான் எழுதினேன்.

நீ நிஜமாகவே தோற்றிருக்கிறாய்.

ஒரு மத்தியானம் ஞாபகம் வருகிறதா? அந்தப் பழைய சிக்னல். கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த இரும்புக் கம்பம், அதன் மேல் துருப்பிடித்த பெட்டி, ஒவ்வொரு விளக்குக்கும் நெற்றியில் கை வைத்ததுபோல ஒரு தகரத் தொப்பி. அதில் ஒரு தொப்பி உடைந்து விழுந்திருந்தது. எதிர்வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்து மூன்றுமே எரிவதுபோல இருந்தது. நான் தூங்கிவிட்டிருந்தேன். பின்னால் அத்தனை வண்டியும் ஹார்ன் அடித்த சத்தத்தில்தான் விழித்தேன். போலீஸ்காரர் ஜன்னலில் தட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், பச்ச வுட்டு எத்தினி நேரமாச்சு? கண்ணு அவுஞ்சி பூட்ச்சா?"

"இல்ல சார், பாப்பாகிட்ட பேசினு இருந்தேன்."

"வண்டிய பாப்பா ஓட்டுதா, நீ ஓட்டுறியா?"

"பாப்பாதான் சார் ஓட்டுது" என்று நீ சிரித்தாய். அவரும் சிரித்துவிட்டு, "அப்ப பாப்பாவ தூங்க வுடாத, போ" என்றார். அந்த ஜோக்கை நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அது ஜோக் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு மட்டும்தான் நீ வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். வெயில் என்றாய்.

புதுசாக வந்த சிக்னல்கள் உனக்குப் பிடிக்கும். அதில் நம்பர் ஓடும். பச்சையும் கொஞ்சம் நீலம் கலந்தாற்போல இருக்கும். "இந்த மாதிரி எல்லா ஊர்லயும் வெச்சிட்டான்னா நான் ராஜா" என்பாய். பழைய குண்டு பல்பு சிக்னல் என்றால்தான் ஸ்டியரிங்கின் மேல் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அதன் உருவத்தையே பார்ப்பாய். ஒவ்வொரு ஊரிலும் அது ஒவ்வொரு மாதிரி இருக்கும். நம் பக்கத்து ஊர்களில் மூன்று விளக்கும் மேலும் கீழுமாகப் பெட்டி நின்றுகொண்டிருக்கும். சில ஊர்களில் கம்பம் நீட்டிய கையில், மூன்று விளக்கும் பக்கவாட்டில் வரிசையாகப் படுத்துக்கொண்டிருக்கும். ஓர் ஊரில் ரோட்டுக்கு நடுவே கம்பியில் நாலு முகத்தோடு விளக்குக்கூண்டு மாதிரி தொங்கும். காற்றடித்தால் மெல்லச் சுற்றும். இன்னோர் ஊரில் பெட்டியின் பின்னால் பெரிய கறுப்புத் தட்டி. உனக்கு அதெல்லாம் வேடிக்கை என்று நினைத்தேன். எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

நீ ஒருமுறை சொன்னாய்: "கலரு ஏமாத்தும் மருமவளே. எடம் ஏமாத்தாது."

எப்படி என்று கேட்டதற்கு ஏரியைத்தான் காட்டினாய். "உங்க நைனா வலை போட்ற எடத்துல எதுனா கோடு போட்டு வெச்சிருக்கா? கலங்கரை விளக்கம் இந்தப் பக்கம், ஒத்தப் பனை அந்தப் பக்கம், ரெண்டும் ஒரு நேருக்கு வந்தா அங்க வலை. தண்ணி கலரு நாளுக்கு ஒண்ணா மாறும். பனை எங்க போவும்? அத்த மாதிரிதான் இதுவும். மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ."

அது எவ்வளவு சரியான பேச்சு என்று அன்றைக்குத் தோன்றியது. அதே பேச்சுதான் உன் உயிரைக் கொண்டுபோனது. ஏரியில் பனை நகராது, மாமா. ரோட்டில் ஊருக்கு ஊர் பனையை இடம் மாற்றி நட்டு வைத்திருந்தார்கள்.

உன் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்துக்கு ஓர் ஊர். பென்சிலில் ஒரு பெட்டி, அதற்குள் மூன்று வட்டம். எங்கேயும் ஒரு நிறம் கிடையாது. முதல் சில பக்கங்களில் எல்லாப் பெட்டியும் நிற்கிறது. "நின்ன பெட்டி. மேல நில்லு. தொப்பி கீது." "நின்ன பெட்டி. தொப்பி இல்ல. சாயங்காலம் வெயில், ஜாக்கிரத." "நின்ன பெட்டி. போலீஸ் கையால சுவிட்ச் போட்றாரு, அவர் கையப் பாரு." ஐந்தாவது வரை படித்த உன் எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கல் அடுக்கினாற்போல.

அப்புறம் படுத்த பெட்டிகள் வருகின்றன. முதல் படுத்த பெட்டிக்குக் கீழே எழுதியிருக்கிறாய்: "எடது கை பக்கம் நில்லு. பாப்பா சொன்னது." அதற்கு அடுத்த ஊர்: "இங்க வலது கை பக்கம் நில்லு. மாத்தி வெச்சிக்கிறான். பாப்பா சொன்னது." தொங்குகிற பெட்டி, நாலு மூஞ்சி: "பாப்பா சொன்னது." கண்ணாடி வெளுத்துப்போனது: "பாப்பா சொன்னது."

பதினோரு இடத்தில் இருக்கிறது, மாமா. எண்ணிப் பார்த்தேன். நான் தேன்மிட்டாய்க்காகக் கத்தினதையெல்லாம் நீ வண்டியை ஓரம் கட்டி எழுதி வைத்திருக்கிறாய். டீ குடிக்கப் போகிறேன் என்று இறங்குவாயே, அப்போதுதான் எழுதியிருப்பாய்.

அப்புறம் நான் பெரிய மனுஷி ஆனேன்.

தாய்மாமன் என்று பச்சை ஓலை வெட்டி வந்து நீதான் எனக்குக் குச்சு கட்டினாய். சீர்ப் புடவை என்ன நிறம் வேண்டும் என்று ஓலை இடுக்கு வழியாக என்னைக் கேட்டாய். இலைப்பச்சை என்றேன். சபையில் தட்டைத் திறந்தால் செங்கல் நிறத்தில் ஒரு புடவை. பக்கத்து வீட்டு அத்தை சும்மா இருப்பாளா?

"இன்னாடா, பொண்ணு பச்ச கேட்டா சூளைல போய் எட்த்துனு வந்துக்கிற?"

"கடைக்காரன் தலைல கட்டிட்டான் போல" என்றாள் இன்னொருத்தி.

நீ சிரித்துக்கொண்டே, "என் மருமவ எத்த கட்னாலும் நல்லாத்தான் இருக்கும், உங்குளுக்கு இன்னா பேஜாரு?" என்றாய். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. கடையில் யாரையும் கேட்காமல், நீயே பார்த்துப் பார்த்து, அதுதான் பச்சை என்று நம்பி எடுத்து வந்திருக்கிறாய். அந்தப் புடவை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு உன் முன்னால் நிற்க வேண்டும் போல இருக்கிறது.

அதோடு வண்டியில் ஏறுவது நின்றுபோனது. வயசுக்கு வந்த பெண் வண்டி சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போவதா என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

இரண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். அதை நான் எத்தனை தடவை மறக்கப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? நீ வாசலிலேயே நின்றாய். செருப்பைக் கழற்றவில்லை.

"அக்கா, பாப்பாவ ஒரே ஒரு தபா கூட்டினு போய்ட்டு வரேன். பொழுது சாய வந்துடலாம்."

"எங்கடா?"

"ஆந்திரா பக்கம். புது லைன். ஒரே ஒரு சிக்னலு. பாத்துட்டு வந்துடலாம்."

"உனுக்கு இன்னா பைத்தியமா? சிக்னலப் பாக்க பொண்ண இட்டுனு போறானாம்! நாளைக்கு நாலு பேரு பேசுனா நீ வந்து பதில் சொல்லுவியா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அம்மாவிடம் இன்னும் கெஞ்சியிருப்பாய். எனக்கு அப்போது பதின்மூன்று வயசு. கோணியில் உட்கார்ந்து நண்டு நாற்றத்தோடு போவதை வகுப்புப் பெண்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று இருந்தது. "எனக்கு வெக்கமா கீது மாமா. நான் இன்னா இன்னும் கொழந்தையா?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றாய். சட்டைப் பையில் இருந்து தேன்மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாய். ஆட்டம் ஆடாமலே கொடுத்தது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. விடிந்தும் விடியாத நேரம். ராத்திரி அணைத்து வைத்திருந்த சிக்னலை அந்த ஊர் முக்கில் அப்போதுதான் எரிய விட்டிருக்கிறார்கள். ரோட்டில் வேறு வண்டி இல்லை. நீ நிற்காமல் போயிருக்கிறாய். குறுக்கே நெல் லாரி. சிவப்பில் போய்விட்டான் என்றார்கள். தூங்கிவிட்டான் என்றார்கள். நம் குப்பத்திலேயே சிலர் குடித்திருப்பான் என்றார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும், "என் தம்பி ஸ்டியரிங் புட்ச்சா கண்ண சிமிட்டவே மாட்டான். அவன் தூங்குற ஆளு இல்ல" என்று சண்டைக்குப் போனாள். நான்கு வருஷமாக அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: முழித்துக்கொண்டிருந்தவன் சிவப்பில் ஏன் போனான்?

பதில் உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயர். ஒரு படுத்த பெட்டி. மூன்று வட்டம். எந்த வட்டத்துக்குப் பக்கத்திலும் நில்லு என்று எழுதவில்லை. கீழே இவ்வளவுதான்: "முன்னாடி லாரி போச்சு, அது பின்னாடியே வந்துட்டேன். எந்தப் பக்கம்னு தெர்ல. பாப்பாவ கூட்டினு வரணும்."

இதைப் படித்தபோது வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டேன். சத்தம் வந்துவிடும் என்று பயம். இப்போதும் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் முதல் தடவை படிப்பதுபோலவே இருக்கிறது. பின்பற்றிப் போக அந்த வியாழக்கிழமை முன்னால் ஒரு லாரி இல்லை. நீ தூங்கவில்லை. குடிக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டே போயிருக்கிறாய். முன்னால் படுத்த பெட்டி இருந்த ஏதோ ஓர் ஊரின் கணக்கை நம்பிப் போயிருக்கிறாய்.

ஏன் மாமா ஒருவரிடமும் சொல்லவில்லை? சொன்னால் வண்டியை வாங்கிக்கொள்வார்கள் என்றா? கேலி செய்வார்கள் என்றா? என்னிடமாவது சொல்லியிருக்கலாம். ஏன் அழைக்கிறாய் என்று தெரிந்திருந்தால், வகுப்பே நின்று சிரித்தாலும் நான் வந்திருப்பேன். உன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. வந்த வேகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து, கோபம் என் பக்கமே திரும்பிவிடுகிறது.

இப்போது மணி மூன்றேகால். நான் இத்தனை நேரம் எழுதியது உனக்காக இல்லை போல. எனக்குத் தைரியம் வருவதற்காகத்தான். நோட்டைக் காட்டினால் அம்மா முதலில் சந்தோஷப்படுவாள், தம்பி தூங்கவில்லை என்று. அடுத்த நிமிஷம், அன்றைக்கு என்னை உன்னோடு அனுப்பாதது தான்தானே என்று அவளுக்குப் புரிந்துவிடும். அதை அவள் எப்படித் தாங்குவாள் என்று நினைத்தால் நோட்டைக் கிழித்து ஏரியில் போட்டுவிடலாம் போல இருந்தது. ஒன்றரை மணிக்கு நிஜமாகவே எழுந்து கதவு வரை போனேன்.

கதவுக்குப் பக்கத்தில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். புதுச் சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தான். கடலில் வாந்தி எடுத்து எடுத்து, இவன் ஆம்பளையா என்று ஊர் கேலி செய்தவன். இந்த வண்டி கிடைத்த நாளில் இருந்துதான் நிமிர்ந்து நடக்கிறான். சொன்னால் அவன் என்னை அடித்தாலும் அடிப்பான். ஒரு வருஷம் பேசாமல்கூட இருப்பான்.

இன்னொரு யோசனையும் வந்தது. நானே அவனோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டால் என்ன? அவனுக்கும் நிறம் சொல்லிக்கொண்டே போனால்? கொஞ்ச நேரம் அதுதான் சரி என்று தோன்றியது. ஆனால் அதைத்தானே நாம் செய்தோம், மாமா. நான் தூங்கிப் போன அந்த மத்தியானம் இருக்கிறதே. நான் வெட்கப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே. ஒருவர் உயிர் இன்னொருவர் வாயில் தொங்கக் கூடாது. அதுவும் அந்த வாய்க்குச் சொல்லாமல்.

அதனால் வண்டிச் சாவியை ஆணியில் இருந்து எடுத்துவிட்டேன். என் இடது கையில் இருக்கிறது. பிடித்துப் பிடித்து அதன் பல் உள்ளங்கையில் பதிந்துவிட்டது.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. நீ போன பிறகும் நான் அந்த ஆட்டத்தை விடவில்லை. எந்த ஊருக்கு பஸ்ஸில் போனாலும் சிக்னல் வந்தால் உதடு தானாக அசையும். செவப்பு மாமா. பச்ச மாமா. பக்கத்து சீட்டுப் பெண்கள் நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைக்கிறார்கள். இத்தனை வருஷமாக யாருக்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் அந்த ஊருக்குப் போவேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு, அவள் வந்தால். அந்தப் பழைய பெட்டி இன்னும் அங்கே படுத்திருந்தால் அதன் கீழே நின்று பார்ப்பேன். பார்த்துவிட்டு உன் கடைசிப் பக்கத்தில், உன் எழுத்துக்குக் கீழே எந்தப் பக்கம் என்று எழுதி, பாப்பா சொன்னது என்று போடுவேன். அதுவரை அந்தக் காலி வட்டங்களை நான் வைத்துக்கொள்கிறேன்.

அலாரம் அடிக்கிறது. அண்ணன் எழுந்துவிட்டான். ஆணியைத் தடவுகிறான்.

"சாவி எங்கடி?"

அம்மாவும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயம்தான், மாமா. இருந்தாலும் சொல்லப் போகிறேன். நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே, சத்தமாக, முதலில்.

செவப்புண்ணா. நில்லு.